எர்ன்ஸ்ட் கான்ஸ்டாமும் பனிச்சறுக்கு இழுவையும்

எர்ன்ஸ்ட் கான்ஸ்டாம், சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரைச் சேர்ந்த பொறியாளர். ஸ்கீ பலகைகளில் நிற்பவரை நின்ற நிலையிலேயே பனிச்சரிவில் மேலே இழுத்துச் செல்லும் இழுவையை உருவாக்கியவர். அது முதன்முதலாக 1934 டிசம்பர் 24 அன்று தாவோஸ் நகரின் போல்கன் சரிவில் இயங்கியது. ஸ்கீ இழுவையை முதலில் கண்டுபிடித்தவர் என்ற பெயர் அவருக்கு உரியதல்ல. அவருக்கு முன்பே அதற்கு முயன்றவர்கள் உண்டு. ஆனால், மலையேற்றத்தின் துணைக்கலையாக இருந்த பனிச்சறுக்கை, திரும்பத் திரும்பப் பயின்று தேறும் விளையாட்டாக மாற்றியதில் பெரும்பங்கு எதற்கு என்று கேட்டால், கான்ஸ்டாமின் இந்த எளிய கருவியையே சுட்ட வேண்டும்.

இழுவைக்கு முன்பு, சறுக்க விரும்பியவர் முதலில் ஏற வேண்டியிருந்தது. ஸ்கீ பலகையின் அடியில் கடல்நாய்த் தோலைக் கட்டிக்கொள்வார்கள். அதன் மயிர் ஒரே திசையில் படிந்திருப்பதால் பலகை முன்னே வழுகும், பின்னே சரியாது. மணிக்கணக்கில் ஏறி நிமிடக்கணக்கில் இறங்கினால், ஒரு பகற்பொழுதில் ஓரிரு சறுக்கல்களே கிட்டும். ஒரு திருப்பத்தில் செய்த பிழையை உடனே திருத்திப் பார்க்க வழியில்லை. மலை ரயில்கள் இந்தக் குறையை ஓரளவு தீர்த்தன. தாவோஸிலேயே பார்சென் மலை ரயில் 1931-32இல் இயங்கத் தொடங்கியிருந்தது. ஆனால், தண்டவாளமும் நிலையங்களும் பெட்டிகளும் பெரும் முதலீடு கேட்பவை; ஊருக்குப் பக்கத்துச் சிறு சரிவுக்கு யாரும் ரயில் போட மாட்டார்கள். கற்றுக்கொள்பவருக்குத் தேவைப்பட்டதோ அந்தச் சிறு சரிவுதான்.

இந்த இடத்தில் ஒரு மறுப்பு எழலாம். ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதியில், ஷோலாக் என்ற சிற்றூரில் விடுதி நடத்திய ராபர்ட் விண்டர்ஹால்டர் 1908 பிப்ரவரியிலேயே 280 மீட்டர் நீள இழுவையை அமைத்துவிட்டார். தண்ணீர் ஆலையின் விசையே அதை ஓட்டியது. அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் உட்ஸ்டாக் ஊரார், கான்ஸ்டாமுக்கு ஏறத்தாழப் பதினோரு மாதங்கள் முன்பு, 1934 ஜனவரியில், பழைய ஃபோர்டு வண்டியின் இயந்திரத்தால் கயிற்றைச் சுழலவிட்டு ஏறினார்கள். முந்தியவர் யார் என்பதே கேள்வியானால் கான்ஸ்டாமுக்கு இடமில்லை. ஆனால், விண்டர்ஹால்டரின் இழுவை முதல் உலகப் போர்க்காலத்தில் பிரிக்கப்பட்டதோடு அந்த வழி அறுந்துபோனது. உட்ஸ்டாக் கயிறு மலிவானது, வேகமாகவும் பரவியது. எனினும் ஓடும் கயிற்றைக் கையால் பற்ற வேண்டும். கையுறை தேயும், தோள் சோரும், சரிவு செங்குத்தானால் பிடி நழுவும். இழுப்பதற்குப் பலரும் வழி கண்டார்கள். இழுக்கப்படும் உடலுக்கு வழி கண்டவர் கான்ஸ்டாம்.

அவருடைய தீர்வு ஒரு சுருள்வில்லில் அடங்கியது. தூண்களின் மேல் கம்பி வடம் ஓயாமல் ஒரே வேகத்தில் ஓடும். அதிலிருந்து தொங்கும் கொக்கி, சுருள்வில் பொருத்திய உருளையில் சுற்றிய கயிற்றோடு இணைந்திருக்கும். நிற்பவர் கொக்கியை இடுப்புக்குக் கீழே பொருத்தியதும் கயிறு மெல்ல அவிழ்கிறது. வெட்டி இழுக்காமல் வேகம் படிப்படியாகக் கூடுகிறது. நிலம் மேடுபள்ளமானால் கயிறு அதற்கேற்ப நீளும், சுருங்கும். உச்சியில் விட்டுவிட்டால் வில் கயிற்றைத் தானே சுற்றிக்கொள்ளும். உடலின் எடையைப் பனியே தாங்குவதால் தூண்களும் வடமும் பெரும் பாரம் சுமக்க வேண்டியதில்லை. செலவு குறைந்த இரகசியம் இதுவே. ஒருவருக்கான கொக்கி பின்னர் இருவருக்கான ‘டி’ வடிவம் பெற்று டி-பார் ஆனபோது, அதே வடம் இரு மடங்கு ஆட்களை ஏற்றியது. அதில் உட்காரக் கூடாது, சாய்ந்து நிற்க வேண்டும். உட்கார்ந்துவிட்டு விழுவது இன்றும் புதியவர்களின் வழக்கமான பிழை.

வெர்மாண்டின் பைக்கோ மலையில் 1940இல் டி-பார் அமைந்தது. வட அமெரிக்காவில் இதுவே முதல். அந்த மலையின் உரிமையாளர்களுடைய மகள் ஆண்ட்ரியா மீட் அங்கே சறுக்கி வளர்ந்து, 1952 ஓஸ்லோ ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வென்றார். ஒருவரின் வெற்றியை வைத்து ஒரு கருவிக்குப் புகழ் சேர்ப்பது முறையா எனலாம். திறமையைக் கருவி தருவதில்லை என்பது உண்மை. ஆயினும், எட்டு வயதுப் பிள்ளை ஒரே சரிவில் நாள் முழுதும் இறங்கிப் பழகுவது இழுவை இல்லாமல் நடக்கக்கூடியதல்ல. கொலராடோவில் அமெரிக்க ராணுவத்தின் மலைப்படை வீரர்கள் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கூப்பர் ஹில்லில் டி-பாரின் துணையோடு பயின்றதும் இதே காரணத்தால்தான்.

இன்னொரு மறுப்பு கனமானது: ஏறாமல் இறங்குபவர் மலையை அறிவதில்லை, பனியின் அடுக்கையும் சரிவின் ஆபத்தையும் கால் நடந்தே கற்க வேண்டும், இழுவைகள் சரிவுகளைக் கூட்ட நெரிசலாக்கின. இதில் மறுக்க ஏதுமில்லை. ஆனால், இழந்தது மலையறிவு, கிடைத்தது சறுக்கும் நுட்பம். இரண்டும் வேறு வேறு கல்விகள். தோல் கட்டி ஏறும் பயணம் அழிந்துபோகவும் இல்லை. விரும்புபவருக்கு அது இன்றும் இருக்கிறது. முன்பு எல்லோருக்கும் கட்டாயமாக இருந்த ஏற்றம், தேர்ந்துகொள்ளும் ஒன்றாக மாறியது.

1936இல் அமெரிக்காவின் சன் வேலியில் தொடங்கிய நாற்காலி இழுவைகள் பிற்காலத்தில் பெரும்பாலான சரிவுகளைப் பிடித்துக்கொண்டன. என்றாலும் நகரும் பனியாறுகளின் மேலும், காற்று நாற்காலிகளை ஓட விடாத உச்சிகளிலும் டி-பார் இன்றும் ஓடுகிறது.