சங்கிலி ரம்பத்தின் எடை

விறகடுப்பு மூட்டிக் குளிர்காலத்தைக் கடத்தும் அமெரிக்க, ஐரோப்பிய வீடுகளில் தீராத விவாதம் ஒன்று உண்டு. விறகு அறுக்கச் சங்கிலி ரம்பம் வாங்கப் போனால் கடைக்காரர் இரண்டை எடுத்து வைப்பார். ஒன்று, காட்டில் மரம் வெட்டிப் பிழைப்பவர்களுக்கான தொழில் ரகம். மற்றது பண்ணைக்காரர்களுக்கான அரைத் தொழில் ரகம். ஷ்டீல் கம்பெனியின் எம்.எஸ். 261, எம்.எஸ். 271 என்ற இரண்டையும் பாருங்கள். இரண்டிலும் என்ஜினின் கொள்ளளவு ஒன்றேதான்: 50.2 கன சென்டிமீட்டர். தொழில் ரகம் 4.9 கிலோ, மற்றது 5.6 கிலோ. எடை குறைந்ததற்குத்தான் விலை அதிகம்! கடலையும் கத்தரிக்காயும் வாங்கிப் பழகிய நமக்கு இது வேடிக்கையாகத் தோன்றும். ஆனால் இந்த முக்கால் கிலோவுக்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது.

சங்கிலி ரம்பம் முதலில் அறுத்தது மரத்தை அல்ல, எலும்பை. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜான் எய்ட்கன், ஜேம்ஸ் ஜெஃப்ரே என்ற ஸ்காட்லாந்து வைத்தியர்கள் பல் வைத்த சிறு சங்கிலியைக் கையால் இழுத்து எலும்பை அறுத்தார்கள். அந்தக் கருவிக்கும் மரம் அறுக்கும் யந்திரத்துக்கும் நேரான வம்சாவளி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அதை அங்கேயே விட்டுவிடலாம்.

1926-இல் ஷ்டுட்கார்ட் நகரில் ஆண்ட்ரியாஸ் ஷ்டீல் மின்சாரத்தால் ஓடும் ரம்பம் ஒன்றைச் செய்தார். அதன் எடை 64 கிலோ! இருவர் சேர்ந்து தூக்க வேண்டும். மின்சாரத்தையும் காட்டுக்குக் கொண்டு போக வேண்டும். மறு வருஷம் எமில் லெர்ப் துரிஞ்சியாவில் டோல்மார் என்ற மலைமேல் தம்முடைய பெட்ரோல் ரம்பத்தைச் சோதித்துப் பார்த்தார். மலையின் பெயரே யந்திரத்துக்கும் பின்னால் கம்பெனிக்கும் நிலைத்துவிட்டது. 1929-இல் ஷ்டீலின் பெட்ரோல் ரம்பம் 46 கிலோவுக்கு வந்தது. 1950-இல் ஒருவரே பிடித்து வேலை செய்யும் ரம்பம், 16 கிலோ. 1959-இல் வந்த 'கான்ட்ரா' 12 கிலோ. இடையில் இருந்த பல்சக்கரங்களை எடுத்துவிட்டு, சங்கிலியை என்ஜினோடு நேரே பூட்டியதால் வந்த லாபம் அது. இப்படி ஒவ்வொரு கிலோவாக இறக்குவதற்கு ஒரு தலைமுறை பாடுபட்டிருக்கிறது. தொழில் ரகத்துக்குக் கொடுக்கும் அதிக விலையில் பெரும் பங்கு இந்தப் பாட்டுக்குத்தான். அதில் என்ஜினின் பெட்டி மக்னீசிய வார்ப்பு. மலிவானதில் என்ஜின் பிளாஸ்டிக் உறைக்குள் உட்கார்ந்திருக்கிறது.

எடை மட்டும் குறைந்து என்ன பயன்? அறுப்பது சங்கிலிதானே! பழைய சங்கிலியின் பற்கள் கை ரம்பத்தின் பற்களைப் போலவே மரத்தைப் பிராண்டின. வேலை செய்த நேரத்துக்குச் சமமாக அரம் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். 1946-ஆம் வருஷம் அமெரிக்காவில் ஆரிகன் மாகாணத்து மரவெட்டி ஜோசப் புஃபோர்டு காக்ஸ் விறகு பிளந்துகொண்டிருந்தபோது ஒரு மரக்கட்டையில் வண்டின் புழு ஒன்றைக் கண்டார். விரல் பருமன் இருக்கும் அந்தப் புழு, மரத்தின் நாரோடும் நாருக்குக் குறுக்காகவும் சர்வ சாதாரணமாகத் தின்றுகொண்டு போயிற்று. மனிதர் அதை விடவில்லை. அதன் தாடைகள் இடமும் வலமும் மாறி மாறி வெட்டுவதைக் கவனித்தார். போர்ட்லந்தில் தம் வீட்டு நிலவறையில் அதே மாதிரி வளைந்த பற்களை எஃகில் செய்து, இடம் ஒன்று வலம் ஒன்றாகச் சங்கிலியில் கோத்தார். 1947-இல் கம்பெனி தொடங்கினார். இன்று எந்தக் கடைக்குப் போனாலும், விலை உயர்ந்த ரம்பத்திலும் மலிவான ரம்பத்திலும் ஓடுவது காக்ஸின் புழு கற்றுக்கொடுத்த சங்கிலிதான்.

அப்புறம் 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. எண்ணெய் எரித்துக்கொண்டிருந்த அமெரிக்க வீடுகள் பல விறகுக்குத் திரும்பின. காட்டுக்காரனின் யந்திரம் குமாஸ்தா வீட்டுக் கொல்லைக்கும் வந்தது. அவனுக்கென்று மலிவான ரகங்கள் பெருகின.

இரண்டில் எதை வாங்குவது? காட்டில் நாள் முழுவதும் கிளை கழிக்கிறவன் ரம்பத்தை ஆயிரம் தடவை தூக்கி இறக்குகிறான். அவனுக்கு முக்கால் கிலோ என்பது சாயங்காலம் தோள்பட்டையில் தெரியும் கணக்கு. பழைய ரம்பங்களின் அதிர்ச்சியால் விரல்கள் ரத்த ஓட்டம் குறைந்து வெளுத்துப்போகும் நோய் வந்து வருந்தியவனும் அவன்தான். கைப்பிடிக்கும் என்ஜினுக்கும் நடுவே ரப்பரும் வில்லும் வைத்தது அதன் பிறகுதான். அவன் தொழில் ரகம் வாங்குவது ஆடம்பரம் அல்ல.

வீட்டு விறகு அறுக்கிறவன் கதை வேறு. மரம் கீழே கிடக்கிறது; ரம்பத்தின் பாரத்தை மரமே தாங்கிக்கொள்கிறது. வருஷத்தில் சில நாள் வேலை. அவனுக்கு அரைத் தொழில் ரகமே போதும் என்பது என் கட்சி. நிற்கிற மரங்களையும் தானே சாய்க்கிறவன், முதுகுவலிக்காரன் ஆகிய இருவருக்கு மட்டும் விலக்கு. மிச்சமாகும் பணத்தில் உருண்டை அரம் ஒன்றும், உபரிச் சங்கிலி இரண்டும், ரம்பம் பட்டால் நூல் சிக்கிச் சங்கிலியை நிறுத்திவிடும் காப்புக் கால்சட்டை ஒன்றும் வாங்கலாம். மண்ணில் கிடக்கும் கட்டையை அறுக்கும்போது அடியில் ஒரு குச்சியை அணைகொடுத்துக்கொள்ள வேண்டும். சங்கிலி ஒரு தடவை மண்ணைத் தொட்டால் போதும். எந்த ரகமானாலும் அரத்தை எடுக்க வேண்டியதுதான்.