டீக்கடைப் பாட்டுக்குக் காசு யாருக்கு?

தேனியிலிருந்து சின்னமனூர், உத்தமபாளையம் வழியாகக் கம்பம் போகும் சாலையில் டீக்கடைகளுக்குப் பஞ்சமில்லை. டீக்கடை என்றால் பாட்டும் உண்டு. அந்தப் பாட்டுகளில் பல உள்ளூர்ச் சரக்குதான். பண்ணைப்புரம் இளையராஜா, வடுகபட்டி வைரமுத்து, அல்லிநகரம் பாரதிராஜா மூவரும் சேர்ந்த ‘நிழல்கள்’ வெளிவந்தது 1980-ல்.

சரி, அந்தப் பாட்டைக் கடையில் போடுவதற்குக் கடைக்காரர் காசு கட்ட வேண்டுமா? சட்டத்தைக் கேட்டால், ஆம். அந்தக் காசு பாட்டை உண்டாக்கியவர் கைக்குப் போனதா? வரலாறு சுவாரசியமாவது இந்த இடத்தில்தான்.

சர்க்கரைத் தண்ணீரில் தொடங்கிய வழக்கு

1847. பாரிஸ் நகரத்து விடுதி ஒன்றில் எர்னஸ்ட் பூர்ஜே என்ற பாடலாசிரியர் நண்பர்களுடன் உட்கார்ந்திருந்தார். அவர்களுடைய பாட்டுகளையே அங்கே பாடிக்கொண்டிருந்தார்கள். குடித்த சர்க்கரைத் தண்ணீருக்குப் பில் வந்தது. “எங்கள் பாட்டுக்கு நீங்கள் காசு தரவில்லை, உங்கள் தண்ணீருக்கு நாங்கள் ஏன் தர வேண்டும்?” என்பதுதான் அவர்கள் கட்சி. வழக்கு நீதிமன்றம் போனது, பூர்ஜே ஜெயித்தார். அதன் விளைவாக 1851-ல் சாசெம் என்ற சங்கம் பிறந்தது. பாட்டுக்காரர்கள் சார்பில் ஊர் ஊராகக் கட்டணம் வசூலிக்கும் முறைக்கு அதுவே முன்னோடி.

1917-ல் அமெரிக்காவிலும் இதே கேள்வி எழுந்தது. “நாங்கள் சாப்பாட்டுக்குத்தானே காசு வாங்குகிறோம், பாட்டுக்கு இல்லையே” என்றது நியூயார்க் உணவகம் ஒன்று. உச்ச நீதிமன்ற நீதிபதி ஹோம்ஸ் அதை ஏற்கவில்லை. லாபம் இல்லாவிட்டால் பாட்டையே நிறுத்தியிருப்பார்கள், வாடிக்கையாளர் தரும் காசில் பாட்டுக்கான விலையும் இருக்கிறது என்பது அவர் வாதம். வணிகவியல் படிப்பவர்களுக்கு இது உடனே புரியும். பெஞ்சு, விளக்கு, மின்விசிறி போலப் பாட்டும் ஒரு வியாபாரச் செலவு.

1977: கைமாறிய உரிமை

இந்தியாவின் காப்புரிமைச் சட்டம் 1957-ல் வந்தது. பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்கள் சார்பில் கட்டணம் வசூலிக்க ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கம் 1969-ல் தொடங்கப்பட்டது. கட்டண விவரம் வெளியானதுமே படத் தயாரிப்பாளர்களும் தியேட்டர்காரர்களும் எதிர்த்தார்கள். காப்புரிமை வாரியம் சங்கத்தின் பக்கம் நின்றது. கல்கத்தா உயர் நீதிமன்றம் அதைத் தள்ளியது. கடைசியில் 1977 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் காசு கொடுத்துப் போடச் சொன்ன பாட்டுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் தயாரிப்பாளரே என்று தீர்ப்பளித்தது.

பண்ணைப்புரத்துக்காரரின் முதல் படமான ‘அன்னக்கிளி’ வந்தது 1976 மே மாதம். அதாவது, அவர் பாட்டு ஊரெங்கும் ஒலிக்க ஆரம்பித்து ஒரு வருடம் முடிவதற்குள் இந்தத் தீர்ப்பு வந்துவிட்டது. சம்பளம் வாங்கியதோடு கதை முடிந்தது என்ற நிலைதான் சினிமாப் பாட்டுக்காரர்களுக்கு.

அது மாற 35 வருடங்கள் ஆயின. மாநிலங்களவை உறுப்பினராக இருந்த ஜாவேத் அக்தர் உள்ளிட்டோர் போராடியதன் பலனாக 2012-ல் சட்டம் திருத்தப்பட்டது. தியேட்டரில் படத்தோடு ஓடுவது தவிர, வேறு எந்த வகையில் பாட்டைப் பயன்படுத்தினாலும் அந்த ராயல்டியில் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் சம பங்கு உண்டு. அதை எழுதிக் கொடுத்துவிட முடியாது. ஓட்டலில் ஒலிக்கும் பாட்டும் இதில் அடக்கம்.

வீரபாண்டித் திருவிழாவும் டீக்கடையும்

சட்டத்தில் விலக்குகளும் இருக்கின்றன. பிரிவு 52-ன்படி உண்மையான சமயச் சடங்கில் ஒலிக்கும் பாட்டுக்குக் கட்டணம் இல்லை. வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சடங்குகளுக்கும் இது பொருந்தும். கல்யாண ஊர்வலமும் கல்யாணம் சார்ந்த கொண்டாட்டங்களும் அப்படியே. இதை 2023 ஜூலையில் மத்திய அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டு நினைவூட்டியது.

டீக்கடைக்கு அந்தச் சலுகை இல்லை. அமெரிக்காவில் 1998-ல் வந்த சட்டம் 3,750 சதுர அடிக்குக் குறைவான உணவகங்களுக்கு ரேடியோ, டி.வி. பாட்டுக்கு விலக்கு தந்தது. இந்தியச் சட்டத்தில் கடையின் அளவைப் பார்க்கும் அப்படி ஒரு வரி கிடையாது. நாலு பெஞ்சு போட்ட கடையும் நட்சத்திர ஓட்டலும் சட்டத்தின் முன் ஒன்றுதான். வித்தியாசம் கட்டணத் தொகையில் மட்டுமே.

குழப்பம் இன்னொன்று. வரிக்கும் மெட்டுக்கும் ஓர் உரிமை, ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை. இரண்டுக்கும் வேறு வேறு ஆள் வரலாம். பதிவு பெற்ற காப்புரிமைச் சங்கம் மட்டுமே உரிமம் விற்கும் தொழிலைச் செய்யலாம் என்றது சென்னை உயர் நீதிமன்றம் (2021 டிசம்பர்). உரிமையாளரும் விற்கலாம் என்றது மும்பை உயர் நீதிமன்றம் (2024 ஜனவரி). நீதிமன்றங்களுக்கே ஒத்துப்போகாத விஷயத்தில், ரசீது புத்தகத்தோடு வந்து நிற்பவரிடம் கடைக்காரர் என்ன கேட்பார்?

ஒரு கேள்வியைத் தாராளமாகக் கேட்கலாம்: “இந்தக் காசு யாருக்குப் போகும்?” பூர்ஜே கேட்டது பாட்டுக்காரருக்கான காசை. 1977-க்குப் பிறகு சினிமாப் பாட்டில் அந்தக் காசு வழியிலேயே நின்றது. கம்பத்தில் கட்டும் ரூபாயில் ஒரு பங்கு பாட்டை எழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் போய்ச் சேர்ந்தால் அது நியாயமான விலை. சேராவிட்டால், அது பாட்டின் பேரில் வாங்கும் வெறும் வசூல்தான்.