'அடிச்சாச்சும்மா': இன்ஹேலரும் ஒரு சின்னப் பொய்யும்

கொடுத்த மருந்தைச் சாப்பிட்டதாக நோயாளிகள் பொய் சொல்வார்கள், ஜாக்கிரதை! ஹிப்போகிரட்டீஸ் பெயரில் வழங்கும் பழைய கிரேக்க நூல்களில் ஒன்று மருத்துவர்களுக்குச் சொல்லும் எச்சரிக்கை இது. 'அடிச்சாச்சும்மா' என்று பாத்ரூமுக்குள்ளிருந்து குரல் கொடுக்கும் பிள்ளைக்கு அவ்வளவு பழைய முன்னோர்கள் இருக்கிறார்கள். ஆஸ்துமா விஷயத்தில் இந்தப் பொய்யை எண்ணிக்கை போட்டே அளந்துவிட்டார்கள். இன்ஹேலரோடு பேசும் செல்போன் செயலி அங்கிருந்துதான் வருகிறது.

கதையின் தொடக்கத்தில் நம்ம ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. மூச்சிரைப்புக்கு ஊமத்தையைப் புகைக்கும் வழக்கத்தை ஆங்கிலேயர்கள் சென்னையில் கண்டார்கள். ஜெனரல் ஜென்ட் என்ற ராணுவ அதிகாரி 1802 வாக்கில் அதை பிரிட்டனுக்குக் கொண்டுபோனார். பிறகு ஐரோப்பா முழுக்க 'ஆஸ்துமா சிகரெட்' விற்றது. நாவலாசிரியர் மார்செல் புரூஸ்ட்கூட அதைப் புகைத்தவர்தான். அடுத்து வந்தது ரப்பர் குமிழை அமுக்கி மருந்தைத் தூவும் கண்ணாடிக் கருவி. கீழே விழுந்தால் உடைந்துபோகும். பள்ளிக்கூடப் பைக்குச் சரிப்படாது.

1955இல் அமெரிக்காவில் ரைக்கர் லேபாரட்டரீஸ் தலைவர் ஜார்ஜ் மேசனிடம் அவருடைய 13 வயது மகள் ஒரு கேள்வி கேட்டாள். ஹேர் ஸ்பிரே மாதிரி என் மருந்தும் டப்பாவில் வந்தால் என்ன? வாசனைத் திரவியப் புட்டிக்காக உருவான ஒரு வால்வு கையில் கிடைத்தது. ஒவ்வொரு அமுக்கலுக்கும் ஒரே அளவுதான் வெளியே விடும் வால்வு. 1956லேயே மெடிஹேலர் கடைக்கு வந்துவிட்டது.

சிக்கல் அடுத்த தலைமுறை மருந்தில் தொடங்கியது. 1969இல் வந்த சால்பியூட்டமால் அடித்த சில நிமிடத்தில் மூச்சு விடவைக்கும். 1970களின் தொடக்கத்தில் வந்த பெக்லோமெத்தசோன் அப்படியில்லை. அது மூச்சுக்குழாயின் வீக்கத்தை நாள்கணக்கில் மெல்லக் குறைக்கும் ஸ்டீராய்டு. அடித்தால் உடனே எதுவும் தெரியாது, ஒருநாள் விட்டாலும் தெரியாது. நல்லா ஓடி விளையாடும் பிள்ளைக்கு, 'நாளைக்கு இழுக்காம இருக்க இன்னைக்கு அடி' என்று எப்படிப் புரியவைப்பது? விடுவதும் இந்த மருந்தைத்தான், மறைப்பதும் இதைத்தான்.

எவ்வளவு மறைக்கிறார்கள் என்பது 1996இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் தெரிந்தது. 8 முதல் 12 வயதுவரையான 24 குழந்தைகள். டைரியில் எழுதியது ஒருபக்கம், இன்ஹேலரில் பொருத்திய மின்னணுக் கருவி பதிந்தது மறுபக்கம். ஸ்டீராய்டை டைரிப்படி 95.4 சதவீதம் எடுத்திருந்தார்கள், கருவிப்படி 58.4 சதவீதம். நோய் முற்றி ஸ்டீராய்டு மாத்திரை தேவைப்பட்ட பிள்ளைகளிடம் இந்த அளவு 13.7 சதவீதம்தான்! சின்னப் பொய்தான், ஆனால் அதற்கான விலையை நுரையீரல் கொடுத்தது.

குழந்தைகளை மட்டும் குறை சொல்லவேண்டாம். அதே காலத்தில் நுரையீரல் நோயுள்ள பெரியவர்களிடம் நடந்த ஆய்வில், பரிசோதனைக்குப் போகுமுன் நூறு தடவைக்குமேல் காற்றில் அடித்து டப்பாவைக் காலி செய்தவர்கள் பிடிபட்டார்கள்.

ஸ்மார்ட்போன் வந்ததும் இந்தக் கருவிக்கு ஒரு வாய் முளைத்தது. இந்தியாவில் ஆஸ்துமா குறித்து ஆய்வு செய்திருந்த மருத்துவ மானுடவியலாளர் டேவிட் வான் சிக்கிள் 2010இல் விஸ்கான்சினில் ஒரு நிறுவனம் தொடங்கினார். பின்னாளில் அதன் பெயர் ப்ரொப்பெல்லர் ஹெல்த். இன்ஹேலரின் தலையில் ஒரு சென்சார். ஒவ்வொரு அமுக்கலின் நேரமும் புளூடூத் வழியாக போனுக்குப் போகும். மறந்தால் ஞாபகப்படுத்தும்.

பலன் இருந்ததா? நியூசிலாந்தில் 6 முதல் 15 வயதுவரையான 220 பிள்ளைகளுக்கு ஒரே மாதிரி பதிவுக்கருவி கொடுத்தார்கள். அது செயலி இல்லை, இன்ஹேலரிலேயே மாட்டியது. பாதிப்பேருக்கு மட்டும் அது மணி அடித்தது. 2015இல் வந்த முடிவு: மணி அடித்தவர்கள் 84 சதவீதம் மருந்து எடுத்தார்கள், அடிக்காதவர்கள் 30 சதவீதம். கவனியுங்கள், கருவி இரண்டு தரப்பையும் வேவு பார்த்தது. வெறும் வேவு யாரையும் மருந்து எடுக்கவைக்கவில்லை. ஆனால் பள்ளிக்கு லீவு போட்ட நாட்களில் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசமும் இல்லை.

2017இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலிருந்து வந்த ஆய்வு ஒருபடி மேலே போனது. மணியோடு, பதிவை விரித்துவைத்து டாக்டரும் குடும்பமும் உட்கார்ந்து பேசினார்கள். அங்கே ஆஸ்பத்திரி அட்மிஷன்கள் குறைந்தன.

இந்தப் பதிவுக்குச் சந்தை விலையும் இருக்கிறது. ரெஸ்மெட் நிறுவனம் 22.5 கோடி டாலருக்கு ப்ரொப்பெல்லரை வாங்குவதாக 2018இல் அறிவித்தது. ஒரு பிள்ளை எப்போது மூச்சுத் திணறுகிறாள் என்ற கணக்கு யார் யார் கைக்குப் போகிறது என்று பெற்றோர் கேட்டே ஆகவேண்டும். வீட்டுக்குள் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றும் உண்டு. செயலி '58 சதவீதம்' என்று காட்டும்போது, 'ஏன்டி பொய் சொன்னே?' என்று ஆரம்பிக்கலாம், 'எந்த நேரத்துல மறக்குது, சொல்லு' என்றும் ஆரம்பிக்கலாம். திட்டு வாங்கிய பிள்ளை அடுத்தமுறை காற்றில் அடித்துக் காட்டும். அதையும் சென்சார் எடுத்ததாகவே எண்ணிக்கொள்ளும்.