ஒரே இணைப்பில் பல வலைப் பரிமாற்றங்கள்

ஒரே இணைப்பில் பல வலைப் பரிமாற்றங்கள் என்பது, ஒரு வலைப்பக்கத்துக்குத் தேவையான உரை, படம், நிரல் முதலிய கோப்புகளை வழங்கியிலிருந்து ஒரே பிணைய இணைப்பின் வழியாக ஒரே நேரத்தில் பெறும் முறையாகும். இது மல்டிபிளெக்சிங் எனப்படுகிறது. இம்முறை முழுமை பெற ஏறத்தாழ 25 ஆண்டுகள் ஆயின.

தொடக்கக் காலம்

1996 மே மாதம் ஆவணப்படுத்தப்பட்ட எச்.டி.டி.பி. 1.0 நெறிமுறையில், பொதுவாக ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு புதிய டி.சி.பி. இணைப்பு திறந்து மூடப்பட்டது. கோப்பைக் கேட்கும் முன்பே, இணைப்பை ஏற்படுத்த ஒருமுறை செய்தி போய்த் திரும்ப வேண்டும். இதனால் வழங்கிக்குத் தொலைவில் இருந்த பயனர்களின் காத்திருப்பு கூடியது. 1997 சனவரியில் வெளிவந்த 1.1 பதிப்பு, திறந்த இணைப்பை மீண்டும் பயன்படுத்த வழிசெய்தது. பதிலுக்குக் காத்திராமல் அடுத்தடுத்துக் கோரிக்கைகளை அனுப்பவும் இடமளித்தது. ஆனால் பதில்கள் கேட்ட வரிசையிலேயே வரவேண்டும். முதற் பதில் தாமதமானால் மற்றவை அதன் பின்னால் நின்றன. எனவே உலாவிகள் பிற்காலத்தில் ஒரே தளத்துக்கு ஆறு இணைப்புகள் வரை திறந்து சமாளித்தன.

ஸ்பீடியும் எச்.டி.டி.பி. 2-உம்

2009 நவம்பரில் கூகுள் பொறியாளர்கள் மைக் பெல்ஷி, ராபர்ட்டோ பியோன் ஆகியோர் ஸ்பீடி என்னும் நெறிமுறையை அறிவித்தனர். இதில் கோப்புகள் சிறு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, ஓடை எண் இடப்பட்டு, ஒரே இணைப்பில் கலந்து அனுப்பப்பட்டன. உலாவி அந்த எண்ணைக் கொண்டு அவற்றைத் திரும்பச் சேர்த்தது. இதை அடிப்படையாகக் கொண்ட எச்.டி.டி.பி. 2, 2015 மே மாதம் செந்தரமாக வெளியிடப்பட்டது.

எஞ்சிய சிக்கல்

டி.சி.பி. தரவை அனுப்பிய வரிசையிலேயே ஒப்படைக்கும். ஆகவே ஒரு பொட்டலம் தொலைந்தால், அது மறுபடி வந்து சேரும் வரை எல்லா ஓடைகளும் காத்திருந்தன. அம்பாசமுத்திரம் வழியாகச் செல்லும் திருநெல்வேலி–தென்காசி ஒற்றை இருப்புப்பாதையில் ஒரு தொடர்வண்டி பழுதாகி நின்றால், பின்வரும் வண்டிகள் எல்லாம் நிற்க நேர்வதை இதற்கு ஒப்பிடலாம். பொட்டல இழப்பு மிகுந்த இணைப்புகளில், ஆறு இணைப்புகளைத் திறந்த பழைய முறையே சில வேளைகளில் விரைவாக இருந்தது.

க்விக்

2012 இல் கூகுளின் ஜிம் ரோஸ்கைண்ட் வடிவமைத்த க்விக், டி.சி.பி.க்கு மாறாக யு.டி.பி. மீது இயங்கி, ஒவ்வோர் ஓடையின் வரிசையையும் தனித்தனியே பேணுகிறது. ஓர் ஓடையின் தரவு தொலைந்தால் அந்த ஓடை மட்டுமே காத்திருக்கும். க்விக் 2021 மே மாதமும், அதன் மீதமைந்த எச்.டி.டி.பி. 3, 2022 சூன் மாதமும் செந்தரங்களாயின. இவ்வாறு, முதலில் பதில்களிடையே இருந்த வரிசைத் தடை, எச்.டி.டி.பி. 2-இல் பொட்டலங்களின் நிலைக்கு இறங்கி, க்விக்கில்தான் தனி ஓடையின் அளவுக்குச் சுருங்கியது.