வேட்டைக்காரரின் சொற்களில் ஒரு பாலைவனம்

வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 1972ஆம் ஆண்டு மூல வடிவத்தை மொழியியல் பயின்றோர் ஒருமுறையேனும் வாசித்துப் பார்க்க வேண்டும். உயிரினங்களைப் பகுக்கும் அட்டவணைகளுள் இரண்டாவது 'சிறப்பு வேட்டை விலங்குகள்', மூன்றாவது 'பெரு வேட்டை விலங்குகள்', நான்காவது 'சிறு வேட்டை விலங்குகள்' எனத் தலைப்பிடப்பட்டிருந்தன. ஐந்தாவதன் தலைப்பு 'தொல்லை உயிர்கள்'. வேட்டையைக் கட்டுப்படுத்த வந்த சட்டம், வேட்டைக்காரரின் சொற்களைக் கொண்டே உலகைப் பகுத்தது. அதன் விளைவைத் தார்ப் பாலைவனத்தின் இரண்டு பறக்கும் உயிர்களைக் கொண்டு பார்க்கலாம்.

இரண்டுமே 1831ஆம் ஆண்டில் இலண்டன் அறிஞர்களிடமிருந்து தம் அறிவியல் பெயர்களைப் பெற்றவை. ஒன்று கானமயில். விகோர்ஸ் அதற்கு 'கருந்தலையன்' எனப் பொருள்படும் 'நைக்ரிசெப்ஸ்' என்ற இலத்தீன் பெயரை இட்டார். மற்றொன்று சிறிய எலிவால் வௌவால். கிரே அதற்குக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை அதிகாரியான ஹார்ட்விக்கின் பெயரைச் சூட்டினார்.

கானமயிலை இராஜஸ்தானியர் 'கோடாவண்' என்கின்றனர். மராத்தியர் 'மாள்டோக்' என்கின்றனர். அச்சொல்லின் முதற்பகுதியான 'மாள்' மேட்டுப் புல்வெளியைக் குறிப்பது. பறவையின் தலை நிறத்தைக் காட்டிலும் அது வாழும் நிலத்தைப் பெயரில் பதித்தவர்கள் அதை நன்கறிந்தவர்கள் என்றே நினைக்கிறேன். (நம் மொழியில் பெயர் மயிலென்றாலும் மயிலினத்தோடு இதற்கு நெருங்கிய உறவில்லை.) வளர்ந்த ஆண் 15 கிலோ வரை எடை கொள்ளும், பறக்கும் பறவைகளுள் மிகக் கனமானவற்றில் ஒன்று. இனப்பெருக்கக் காலத்தில் தொண்டைப் பையைக் காற்றால் நிரப்பித் தொங்கவிட்டு ஆழ்ந்த ஒலி எழுப்பும். பெண் வெறுந்தரையில் பெரும்பாலும் ஒரே முட்டையிடும். இழந்ததை விரைவில் ஈடுசெய்ய இயலாத உடலமைப்பு இது.

துப்பாக்கியிடமிருந்து இப்பறவையைக் காக்கச் சட்டத்திற்குத் தெரிந்திருந்தது. முதல் அட்டவணையில் அதற்கு இடம் கிடைத்தது. 1970களின் இறுதியில் அரபு நாட்டு வேட்டைக் குழுக்கள் வல்லூறுகளுடன் தாருக்கு வந்து, குளிர்கால வலசையாக வரும் ஹௌபாரா என்ற உறவினப் பறவையை வேட்டையாடியபோது இராஜஸ்தானில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. 1980இல் ஜெய்ப்பூரில் இப்பறவைக் குடும்பத்திற்கென்றே பன்னாட்டுக் கருத்தரங்கு கூடியது. அதே ஆண்டில் 3,162 சதுர கிலோமீட்டர் பரப்பில் பாலைவனத் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டே கானமயில் மாநிலப் பறவையாயிற்று.

ஆயினும் 1969இல் ஏறத்தாழ 1,260 என மதிப்பிடப்பட்ட எண்ணிக்கை, 2018இல் 150 அளவுக்குச் சுருங்கியது. புல்வெளிகள் வயல்களாயின, வருவாய்த்துறைப் பதிவேடு அவற்றைத் 'தரிசு' என்றெழுதியது (மற்றுமொரு தலைப்புச் சொல்!). அண்மைக் காலத்தில் மின்கம்பிகள் வந்தன. கண்கள் தலையின் பக்கவாட்டில் அமைந்திருப்பதால் இப்பறவைக்கு நேர்முன்னே தெரியும் பார்வைப் பரப்பு குறுகியது. கம்பியை அருகில் கண்டபின் அத்தனை எடையோடு விலகித் திரும்புவதும் அரிது. தாரின் 4,200 சதுர கிலோமீட்டர் பரப்பில் மின்கம்பிகளால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 84,000 பறவைகள் மடிவதாக இந்திய வனவுயிர் நிறுவனம் கணக்கிட்டது. உச்ச நீதிமன்றம் 2021இல் கம்பிகளை நிலத்தடியில் பதிக்க ஆணையிட்டு, 2024 மார்ச்சில் அதைத் தளர்த்தி வல்லுநர் குழுவிடம் ஒப்படைத்தது. வேட்டைக்காரருக்கு நோக்கம் உண்டு. அவரைக் கைது செய்யலாம். கம்பிக்கு நோக்கமில்லை. அதிலும் சூரிய ஒளியிலிருந்தும் காற்றிலிருந்தும் பெறும் தூய மின்சாரத்தைக் கடத்தும் கம்பி அது. குற்றவாளியற்ற சாவுக்கு 1972இன் சொற்களில் இடமில்லை.

வௌவாலுக்கு அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையும் கிட்டவில்லை. பழந்தின்னி வௌவால்கள் ஐந்தாம் அட்டவணையில் காகத்தோடும் எலியோடும் சேர்ந்தன. பூச்சியுண்ணிகளில் பெரும்பாலானவை, எலிவால் வௌவால் உட்பட, எந்த அட்டவணையிலும் இல்லை. சுட்டு வீழ்த்திப் பெருமை கொள்ள எவரும் விரும்பாத உயிரை அச்சட்டம் எண்ணிப் பார்க்கவே இல்லை.

இத்தனைக்கும் பாலைக்கென்றே வார்த்தாற்போன்ற உயிர் அது. 'ரைனோபோமா' என்னும் பேரினப் பெயர் கிரேக்கத்தில் 'மூக்குமூடி' எனப் பொருள்படும். அதன் மூக்குத் துளைகள் பிளவுபோல் அமைந்து, மூடித் திறக்கக்கூடியவை. தூசு புகாமல் தடுக்கின்றன. சிறகுத் தோலில் ஒட்டாத வால் ஏறக்குறைய உடல் நீளமே இருக்கும். மழைக்காலப் பூச்சிகளைத் தின்று உடலில் கொழுப்பைச் சேமித்து, பூச்சிகள் அரிதாகும் குளிர்காலத்தை அசைவு குறைந்த மந்த நிலையில் கழிக்கிறது. ஆண்டுக்கு ஒரு குட்டிதான். இவ்வகையில் அதன் கணக்கும் கானமயிலின் கணக்கே.

அது ஒட்டித் தங்குவது கோட்டைகளின் இருண்ட அறைகளிலும் கைவிடப்பட்ட மாளிகைகளிலும். அவற்றைச் சுற்றுலாவுக்காகப் புதுப்பிக்கையில் ஓர் அறைக்கு விளக்கும் கதவும் பொருத்தினாலே ஒரு கூட்டம் இடமிழக்கும். அதைச் செய்பவர் எவரும் எதையும் 'வேட்டையாடுவதாக' எண்ணுவதில்லை. சுத்தம் செய்வதாகவே எண்ணுகிறார்.