குரைப்பதற்கென்றே வளர்த்த நாய்

பொமரேனியன் வளர்க்கும் வீட்டுக்கு விலாசம் கேட்க வேண்டியதில்லை. தெருமுனையில் திரும்பும்போதே தெரிந்துவிடும். பால்காரர் வந்தால் ஒரு கச்சேரி, கேஸ் சிலிண்டர் வந்தால் ஒரு கச்சேரி, யாருமே வராவிட்டால் அதற்கும் ஒன்று. வளர்ப்பவருக்கு அது செல்லம், பக்கத்து வீட்டுக்காரருக்குத் தலைவலி.

நான் வேலை பார்த்த அலுவலகத்தில் சில வருடங்கள் தபால் பிரிவில் இருந்தேன். பட்டா, குடிநீர், சாக்கடை என்று வரும் மனுக்களுக்கு நடுவே நாய் மனுவும் வரும். "பக்கத்து வீட்டு நாயை அப்புறப்படுத்தித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று முடியும். பல வருடம் பழகிய இரண்டு குடும்பங்கள் ஒரு நாயால் பேச்சை நிறுத்திக்கொண்டதை அந்த மனுக்களில் பார்த்திருக்கிறேன். சில வீடுகளில் தொல்லை தாங்காமல் நாயை எங்காவது தூரத்தில் விட்டுவிட்டு வந்துவிடுவார்கள். மெத்தையில் படுத்துப் பழகிய சடை நாய் தெரு நாய்களுக்கு நடுவில் எத்தனை நாள் தாங்கும்?

இந்த நாய் மட்டும் ஏன் இப்படிக் குரைக்கிறது? நான் படித்துத் தெரிந்துகொண்ட வரையில், விடை அதன் சரித்திரத்தில் இருக்கிறது.

பொமரேனியா என்பது பால்டிக் கடலோரப் பிரதேசம். இன்று அதன் பெரும்பகுதி போலந்திலும் ஒரு பகுதி ஜெர்மனியிலும் இருக்கிறது. அந்தப் பக்கத்து நாய்களை ஜெர்மானியர் 'ஸ்பிட்ஸ்' என்பார்கள். கூர்மையான மூக்கு, விறைத்த காது, சுருண்டு முதுகில் படியும் வால், அடர்ந்த ரோமம். பிரெஞ்சில் இதற்கு 'லூலூ' என்று செல்லப் பெயர். லூ என்றால் ஓநாய். பார்க்கக் குட்டி ஓநாய் மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். ஆனால் வளர்ந்த ஓநாய் ஊளையிடுமே தவிர, அதிகம் குரைக்காது. ஓயாமல் குரைப்பது மனிதனோடு சேர்ந்து வாழ்ந்த நாயின் குணம். அதிலும் ஸ்பிட்ஸ் நாயிடம் அந்தக் குணத்தை மனிதன் வேண்டுமென்றே வளர்த்தான்.

காரணம், அது ஏழைக் குடியானவனின் காவல் நாய். வேட்டை நாய்களெல்லாம் பிரபுக்களிடம் இருந்தன. குடியானவனுக்கு வேண்டியது முயலைத் துரத்திக்கொண்டு ஓடாமல் வீட்டோடு கிடக்கும் நாய். அந்நியன் கால் வைத்தால் ஊரையே எழுப்ப வேண்டும். இன்றைக்கும் ஜெர்மன் ஸ்பிட்ஸ் இனத்துக்கு எழுதப்பட்ட இலக்கணத்தில், அந்நியரிடம் சந்தேகம், வேட்டை ஆசை இல்லாமை இரண்டும் அதன் நல்ல குணங்களாகவே சொல்லப்பட்டிருக்கின்றன. பண்ணை முற்றத்தில் எருக்குவியல்மேல் ஏறி நின்று நாலு பக்கமும் பார்த்துக் குரைப்பதால் 'மிஸ்ட்பெல்லர்' என்று அதற்கு ஒரு பட்டப்பெயரும் உண்டு. எருமேட்டில் குரைப்பவன் என்று அர்த்தம்.

ஹாலந்தில் இதன் பெரிய வகையைக் கால்வாய்ப் படகுகளில் வளர்த்தார்கள். படகுக்காரன் தூங்கும்போது சரக்கைக் காக்க அந்தக் குரல்தான் பூட்டு. கேஸ்ஹோண்ட் என்ற அந்த நாய் 1780களில் அரச குடும்பத்தை எதிர்த்த தேசபக்தர் கட்சியின் அடையாளமாகவே ஆகிவிட்டது. 1787இல் பிரஷ்யப் படை வந்து அந்தக் கட்சியை அடக்கியதும், நாயின் மவுசும் குறைந்துவிட்டது. படகுக்காரர்களும் குடியானவர்களும் மட்டும் அதைக் கைவிடவில்லை.

பின்லாந்துக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அவர்களுடைய செந்நிற ஸ்பிட்ஸ் காட்டில் முன்னே ஓடிப் பறவையைக் கண்டுபிடித்து, அது உட்கார்ந்த மரத்தடியில் நின்று விடாமல் குரைக்கும். பறவை நாயையே பார்த்துக்கொண்டிருக்க, வேட்டைக்காரன் சத்தம் வந்த திசையில் நடந்து வந்துவிடுவான். அங்கே நன்றாகக் குரைக்கும் நாய்க்குப் போட்டி வைத்து, 'குரைப்பில் ராஜா' என்று பட்டமும் கொடுக்கிறார்கள். 1979இல் அதுவே அந்த நாட்டின் தேசிய நாயானது.

இப்படி உழைத்துக்கொண்டிருந்த இனம் மடியில் ஏறியது இங்கிலாந்தில். பொமரேனியாவை அடுத்த மெக்லன்பர்க்கில் பிறந்த இளவரசி சார்லட், 1761இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னரை மணந்து லண்டன் போனார். அவர் காலத்தில் இந்த நாய் அரண்மனைக்குள் நுழைந்தது. கெயின்ஸ்பரோ வரைந்த ஓவியங்களில் அதைப் பார்க்கலாம். இன்று நாம் பார்க்கும் பொமரேனியனைவிட நன்றாகவே பெரியது. அதன்பின் 1888இல் விக்டோரியா மகாராணி இத்தாலியில் பிளாரன்ஸ் நகரத்துக்குப் போனபோது சின்ன பொமரேனியன்களைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கி வந்தார். மகாராணி வளர்த்தால் ஊர் சும்மா இருக்குமா? சின்ன நாய்க்கு மதிப்பு ஏறியது, வளர்ப்பவர்கள் தலைமுறைக்குத் தலைமுறை உருவத்தைக் குறைத்தார்கள். 1901இல் மகாராணி மரணப் படுக்கையில் இருந்தபோது அவர் கேட்டு அருகில் கொண்டுவரச் சொன்னதும் டூரி என்ற பொமரேனியனைத்தான்.

உடம்பு இரண்டு மூன்று கிலோவுக்கு வந்துவிட்டது. எருமேட்டுக் காவல்காரனின் சுபாவம் மட்டும் அப்படியே இருக்கிறது. நம் ஊர் வெள்ளை ஸ்பிட்ஸும் அதே வம்சத்து உறவுதான். காவல் காக்கப் பண்ணையும் படகும் இல்லாததால், அது கேட் கம்பி வழியே தெருவில் போகும் ஒவ்வொரு காலுக்கும் கணக்கு எழுதுகிறது.

குரலை அடக்க மனிதன் குறுக்கு வழிகளும் தேடினான். தொண்டையில் கத்தி வைத்துக் குரல் நாணை வெட்டிவிடுவது ஒன்று. நாய் குரைக்க முயலும், கரகரவென்று காற்றுதான் வரும். வெட்டிய இடத்தில் தழும்பு வளர்ந்து மூச்சுக்குழாய் குறுகிவிடும் ஆபத்தும் உண்டு. 1987இல் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் கையெழுத்துக்கு வைக்கப்பட்ட ஐரோப்பிய உடன்படிக்கை, வளர்ப்புப் பிராணிகளுக்கு வைத்தியக் காரணம் இல்லாமல் இதைச் செய்யக் கூடாது என்கிறது. மின்சாரம் பாய்ச்சும் கழுத்துப் பட்டை இன்னொன்று. வேல்ஸில் அதை 2010இல் தடை செய்துவிட்டார்கள். பயத்தில் குரைக்கும் நாய்க்கு வலியும் சேர்ந்தால் பயம் கூடத்தானே செய்யும்.

அப்படியானால் என்ன செய்யலாம்? காவல்காரன் சேதி சொல்ல வந்தால் கேட்டுக்கொண்டு அனுப்புவதுதான் முறை. நாய் இரண்டு தடவை குரைக்கட்டும். நாம் எழுந்து போய் வாசலைப் பார்த்துவிட்டு, தணிந்த குரலில் "போதும்" என்று சொல்லி, வேகவைத்த கோழித் துண்டு ஒன்றை மூக்கருகே காட்ட வேண்டும். மோந்து பார்க்கும்போது அது குரைக்காது. வாயை மூடி இரண்டு விநாடி ஆனதும் கொடுக்கலாம். அடுத்தடுத்த நாட்களில் ஐந்து விநாடி, பத்து விநாடி, அரை நிமிஷம் என்று காத்திருக்க வைக்கலாம். குரைத்துக்கொண்டிருக்கும்போது மட்டும் கொடுத்துவிடக் கூடாது, குரைத்தால் கறி கிடைக்கும் என்று பாடம் ஆகிவிடும். வீட்டில் எல்லாரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும். நாம் சேர்ந்து கத்தினால், எஜமானும் துணைக்குக் குரைக்கிறார் என்று நாய்க்கு உற்சாகம்தான் வரும்.

கேட்டின் கீழ்ப்பாதியைத் தகடு போட்டு மறைத்தாலே பாதித் தொல்லை தீரும். காலையும் மாலையும் வெயில் தாழ்ந்த நேரத்தில் வெளியே கூட்டிப்போய் நிதானமாக மோப்பம் பிடிக்க விட வேண்டும். அதன் மூளைக்கு அதுதான் வேலை. தனியாக விட்டால் கத்தும் நாயை முதலில் ஐந்து நிமிஷம், பிறகு பத்து நிமிஷம் என்று பழக்கலாம். வயதான நாய் திடீரென்று அதிகமாகக் குரைத்தால், நம்மைப் போல அதற்கும் காது மந்தமாகியிருக்கலாம். வாத்து கத்துவது போல இருமினால் அது குரைப்பல்ல, மூச்சுக்குழாய்க் கோளாறாக இருக்கலாம். இந்த இனத்தில் அது அதிகம். உடனே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும், கழுத்துப் பட்டையை எடுத்துவிட்டு மார்புப் பட்டை போட வேண்டும்.

இதற்கெல்லாம் சில வாரம், சில மாதம் பிடிக்கும். அதுவரை பக்கத்து வீட்டுக்காரரிடம் போய், "பழக்கிக்கொண்டிருக்கிறோம், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது. அந்த வார்த்தை சொல்லப்படாததால் வந்த மனுக்கள்தான் அதிகம். நாயை முழு ஊமையாக்க முடியாது, ஆக்கவும் வேண்டாம். ராத்திரி இரண்டு மணிக்கு யாராவது மதில் ஏறினால், குரல் கொடுக்க வீட்டில் ஒரு ஆள் வேண்டாமா?