பழைய ஆட்டத்துக்குப் புது விலை

ஒரு பண்டத்துக்கு நியாய விலை எது என்னும் வினா, சந்தை தோன்றிய நாள் முதல் இருந்து வருவது. நெல்லுக்கும் துணிக்கும் எழுந்த அவ்வினா இன்று வீடியோ விளையாட்டுகளுக்கும் எழுந்துள்ளது. புதிதாக ஆக்கிய விளையாட்டுக்கு ஒரு விலை உண்டு. முன்பே விற்று முடிந்த ஒன்றை மறுபடியும் கொணர்ந்தால், அதற்கும் அதே விலையா? வழக்கு இதுதான். இதன் சரித்திரத்தைச் சற்றுப் பார்த்துவிட்டுத் தீர்ப்புக்கு வருவோம்.

முதலில் சொற்களுக்குப் பொருள் கூறிவிடுகிறேன். வாத்தியார்த் தொழிலின் வழக்கம் விடாது. ஓர் இயந்திரத்துக்கென எழுதிய விளையாட்டை வேறோர் இயந்திரத்தில் நடக்கும்படி மாற்றியமைப்பது 'போர்ட்'. பழஞ்சுவடியைப் பார்த்துப் புதிய ஏட்டில் பெயர்த்தெழுதுவது போன்றது அது, பாடம் மாறுவதில்லை. படத்தையும் ஒலியையும் துலக்கி மெருகிட்டு வெளியிடுவது 'ரீமாஸ்டர்'. அடித்தளத்திலிருந்து மீண்டும் கட்டுவது 'ரீமேக்'. மூன்றுக்கும் ஆகும் உழைப்பு வெவ்வேறு.

1978-ஆம் ஆண்டில் ஜப்பானில் டைட்டோ நிறுவனம் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' என்னும் விளையாட்டை வெளியிட்டது. காசு போட்டு ஆடும் பெரிய இயந்திரம் அது. 1980-இல் அமெரிக்காவின் அட்டாரி நிறுவனம் உரிமை பெற்று, அதனை வீட்டுத் தொலைக்காட்சியில் ஆடும்படி செய்தது. அந்த ஒன்றுக்காகவே அட்டாரிப் பெட்டியை வாங்கியவர் பலர். பழைய ஆட்டத்துக்கு முழு விலையா என்று கேட்பதற்கு அன்று இடமில்லை. ஏனெனில் அட்டாரிப் பெட்டியின் தற்காலிக நினைவகம் 128 பைட்டுகளே. தமிழில் எழுதும் 70 எழுத்துக் குறுஞ்செய்தி ஒன்றே 140 பைட்டுகளைப் பிடித்துக்கொள்ளும்! அவ்வளவு குறுகிய இடத்துக்குள் பெரிய இயந்திரத்தின் ஆட்டத்தை அடக்க, எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதியாக வேண்டும். பெயர் பழையதாயினும் உழைப்பு புதியது. 1982-இல் அதே நிறுவனம் 'பாக்-மேன்' ஆட்டத்தை வீட்டுக்குக் கொணர்ந்தபோது அது மூலத்தை ஒத்திருக்கவில்லை. வாங்கியவர் மனம் கசந்தனர். 1983-இல் அமெரிக்காவில் இவ்வியாபாரமே சரிந்ததற்குக் கூறப்படும் பல காரணங்களுள் இதுவும் ஒன்று.

பத்தாண்டு கழித்து, 1993-இல், நின்டெண்டோ நிறுவனம் 'சூப்பர் மாரியோ ஆல்-ஸ்டார்ஸ்' என்னும் தொகுப்பை வெளியிட்டது. நான்கு பழைய ஆட்டங்கள் ஒன்றாக வந்தன. படங்களைப் புதிதாக வரைந்திருந்தனர். நான்கில் ஒன்று அமெரிக்காவில் அதுவரை விற்பனைக்கே வராதது. கொடுத்த பணத்துக்கு மேலாகவே பெற்றார்கள் என்பேன். 1997-இல் சோனி நிறுவனமோ, நன்றாக விற்ற ஆட்டங்களை விலை குறைத்து மறுபடி வெளியிடத் தொடங்கியது. நம் பதிப்பாளர்கள் அறிந்த 'மலிவுப் பதிப்பு' முறைதான் அது.

பின்னர் காற்று திசை மாறியது. 2020-இல் நின்டெண்டோ, 1996, 2002, 2007 ஆகிய ஆண்டுகளின் மாரியோ ஆட்டங்கள் மூன்றைச் சிறுசிறு மாற்றங்களுடன் ஒன்று சேர்த்து, புது விளையாட்டின் விலையான 60 டாலருக்கு விற்றது. அதுவும் 2021 மார்ச் 31 வரை மட்டுமே. மூன்று ஆட்டங்களுக்கு அந்த விலை மிகை என்று நான் வாதிட மாட்டேன். கடையை மூடும் நாளைச் சொல்லி வாங்குபவரை அவசரப்படுத்தியதுதான் எனக்கு உவப்பாக இல்லை.

'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' என்னும் ஆட்டத்தின் கதை இன்னும் சுவையானது. 2013-இல் 60 டாலர். மறு ஆண்டே மெருகிட்ட பதிப்பு 50 டாலர். 2022-இல் படங்களை முற்றும் புதுப்பித்து 70 டாலர். ஒன்பது ஆண்டுகளில் ஒரே கதை மூன்று முறை விற்பனைக்கு வந்தது. ஊதியம் உயர்ந்துவிட்டது, செலவு பெருகிவிட்டது என்பர் உற்பத்தியாளர். மெய்தான். ஆனால் புதிய ஆட்டத்தின் விலையில் துணிவுக்குரிய கூலியும் அடங்கியிருக்கிறது. பல ஆண்டு உழைத்து ஆக்கியதை மக்கள் ஏற்பார்களா என்பது எவருக்கும் தெரியாது. மறுவெளியீட்டிலோ மக்கள் ஏற்றது முன்பே தெரியும். கதையும் இசையும் முன்பே கூலி பெற்றவை. புதிதாகச் செய்த வேலைக்கு மட்டும் விலை வைப்பதே முறை. அதே நிறுவனம் 2024-இல் அவ்வாறே செய்தது: அக்கதையின் இரண்டாம் பாகத்தை மெருகிட்டு வெளியிட்டபோது, பழைய பதிப்பை வைத்திருந்தவர்களிடம் 10 டாலர் மட்டுமே வாங்கியது, புதியவருக்கு 50 டாலர்.

மறுவெளியீடே வேண்டாம் என்பது என் கட்சியன்று. 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான விளையாட்டுகளில் நூற்றுக்கு 87 இன்று கடையில் கிடைப்பதில்லை என்று 2023-இல் ஓர் ஆய்வு காட்டிற்று. ஆகவே பெயர்த்தெழுதுவோர் தேவை. பெயர்த்தெழுதியபின் மூலச் சுவடியை மறைப்பதுதான் தகாத செயல். ராக்ஸ்டார் நிறுவனம் 2021-இல் அதையே செய்தது. 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ' வரிசையில் 2001 முதல் 2004 வரை வந்த மூன்று ஆட்டங்களையும் இணையக் கடைகளிலிருந்து அக்டோபரில் அகற்றிவிட்டு, நவம்பரில் புதுப்பதிப்பை 60 டாலருக்கு வெளியிட்டது. அதில் பெயர்ப்பலகைகளில் எழுத்துப்பிழை. மழை பெய்தால் தெரு தெரியவில்லை. ஆடியவர்கள் கொதித்தெழவே, சில நாட்களில் நிறுவனம் மன்னிப்புக் கோரியது. கணினிக்கான பழைய பதிப்புகளைத் தன் கடையில் மறுபடியும் வைத்தது.